கன்ட்ரோலருக்குள் எல்இடி லைட் போடுவது: எந்த வழி யாருக்குச் சரிவரும்?

கேம் விளையாடுகிற கன்ட்ரோலருக்கு லைட் போட வேண்டும் என்று யோசிக்கிற பொடியன்கள் எல்லாருமே முதலில் கேட்பது நிறத்தைத்தான். நீலமா, சிவப்பா, ஏழு நிறமும் மாறி மாறி வருவதா என்று. என்னைக் கேட்டால் நிறம் கடைசிக் கேள்வி. அந்த லைட்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வரப்போகிறது என்பதுதான் முதற் கேள்வி. உங்கள் கையில் இருப்பது வயர் உள்ள யூஎஸ்பி கன்ட்ரோலரா, உள்ளே லித்தியம் பற்றரி இருக்கிற பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரா, இரண்டு பென்டோர்ச் பற்றரி போடுகிற எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரா, இதைப் பொறுத்தே எந்த வழி சரிவரும், எந்த நிறம் எரியும், எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதெல்லாம் முடிவாகும்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கொழும்பில் இருக்கிறவருக்கு ஒரு கன்ட்ரோலர் பழுதானால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாம். மட்டக்களப்பில், கல்முனையில், அக்கரைப்பற்றில் இருக்கிற நமக்கு அசல் கன்ட்ரோலர் ஒன்றை மறுபடி வாங்குவது அவ்வளவு இலகு இல்லை, 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு அதன் விலையும் ஏறிவிட்டது. ஆகவே வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல கன்ட்ரோலர் என்றால், அதைத் திறப்பதற்கு முன் திறக்காமலே என்ன செய்யலாம் என்று பார்ப்பதுதான் புத்தி.

திறக்காமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, நம்மில் பலர் அதைக் கவனிப்பதில்லை. பிஎஸ்4 இன் டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரில் முன்பக்கம் ஒரு லைட் பார் ஏற்கெனவே இருக்கிறது, 2016 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதே வெளிச்சம் டச்பேடின் மேல்விளிம்பிலும் ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். பிஎஸ்5 இன் டூயல்சென்ஸில் டச்பேடின் இரண்டு பக்கமும் ஒளி வரும். கொன்சோலில் விளையாடும்போது அந்த நிறம் நம் கையில் இல்லை. பிஎஸ்4 இல் முதல் ஆளுக்கு நீலம், இரண்டாம் ஆளுக்குச் சிவப்பு, அப்புறம் பச்சை, இளஞ்சிவப்பு என்று அதுவே கொடுத்துவிடும், சில கேம்கள் தங்கள் விருப்பத்துக்கு மாற்றும். ஆனால் அதே கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் போட்டு விளையாடுகிறவர்கள் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் கன்ட்ரோலர் செட்டிங்ஸிலேயே நிறத்தை மாற்றலாம். டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருளில் இன்னும் ஒருபடி மேலே போய், பற்றரி குறையக் குறைய நிறம் மாறும்படி கூட வைக்கலாம். ஒரு சதம் செலவில்லை, ஒரு ஸ்குரூ கழற்றத் தேவையில்லை. இதோடு ஒளி ஊடுருவும் மேலுறை ஒன்றை மட்டும் வாங்கி மாற்றினால், முன்னால் மட்டும் தெரிந்த வெளிச்சம் கன்ட்ரோலரின் உடம்புக்குள் கசிந்து பரவும். உறை மாற்றத் திறக்கத்தான் வேண்டும், ஆனால் ஈயம் உருக்கி ஒட்டுகிற சோல்டர் வேலை இல்லை. ஒரே கன்ட்ரோலர் வைத்திருக்கிற, கம்ப்யூட்டரில் விளையாடுகிற ஒருவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான், அவர் இதற்கு மேல் வாசிக்கத் தேவையே இல்லை.

சரி, இது போதாது, பட்டன் எரிய வேண்டும், உள்ளே இருந்து ஒளி வர வேண்டும் என்கிறவர்களுக்கு வருவோம்.

முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் மனதாரச் சொல்வது வயர் உள்ள யூஎஸ்பி கன்ட்ரோலர். நம் ஊர் கம்ப்யூட்டர் கடைகளில் தொங்குகிற, பெயர் தெரியாத, விலை குறைந்தவைதான். அதில் பற்றரி இல்லை, ஆகவே தீப்பிடிக்கிற பயமும் இல்லை. யூஎஸ்பி வயரில் 5 வோல்ட் நிலையாக வருகிறது, கம்ப்யூட்டரின் யூஎஸ்பி 2.0 துவாரம் 500 மில்லியாம்பியர் வரை கொடுக்கும், நாம் கேட்கப்போவது அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. வழக்கமாகச் சிவப்பு வயர் 5 வோல்ட், கறுப்பு வயர் நெகட்டிவ். ஆனால் மலிவான கன்ட்ரோலர்களில் வயர் நிறத்தை நம்பவே கூடாது, வோல்ட் அளக்கிற மல்டிமீற்றர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

கணக்கு சின்னக் கணக்குத்தான். ஒரு நீல எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். 5 இல் 3 போக மிச்சம் 2 வோல்ட். அதைக் கரண்டை மட்டுப்படுத்துகிற 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தாங்கினால் ஓடும் கரண்ட் 4 மில்லியாம்பியர் சொச்சம். இரவில் விளையாட இது தாராளம். எட்டு எல்இடி போட்டாலும் 35 மில்லியாம்பியரைத் தாண்டாது. ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போடுங்கள். ஒரே ரெசிஸ்டரில் எட்டையும் பக்கம் பக்கமாகக் கோர்த்தால் ஒன்று பளீரென்றும் மற்றது மங்கியும் எரியும், ஏனென்றால் ஒரே பையில் வாங்கிய எல்இடிகளுக்குக் கூட வோல்ட் தேவை கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசப்படும். ரெசிஸ்டரும் எல்இடியும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற சாமான்கள், அதில் மிச்சம் பிடிக்கப் போக வேண்டாம்.

பற்றரி உள்ள கன்ட்ரோலருக்கு வந்தால் கதை வேறு. டூயல்ஷாக் 4 இன் பற்றரி 1000 மில்லியாம்பியர் மணி, டூயல்சென்ஸில் 1560. லித்தியம் பற்றரி நிறையச் சார்ஜ் இருக்கும்போது 4.2 வோல்ட், போகப் போக 3.7, முடிகிற கட்டத்தில் 3 ஐ நெருங்கும். இதனால் நீலமும் வெள்ளையும் முதலில் நன்றாக எரிந்து, சார்ஜ் இறங்க இறங்க மங்கும். சிவப்புக்கு 2 வோல்ட் போதும் என்பதால் அது கடைசி வரை நின்று எரியும்.

நேரம் எவ்வளவு குறையும் என்பதுதான் பலரின் கவலை. ஒரு டூயல்ஷாக் 4 ஆறு மணித்தியாலம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், அது சராசரியாக 165 மில்லியாம்பியர் எடுக்கிறது. 220 ஓம் ரெசிஸ்டரோடு எட்டு நீல எல்இடி போட்டால் கூடுதலாக 30 மில்லியாம்பியர் போகும், ஆறு மணித்தியாலம் ஐந்து மணித்தியாலச் சொச்சமாகும். அதே எட்டுக்கும் 1000 ஓம் போட்டால் கூடுதல் செலவு 6, 7 மில்லியாம்பியர்தான், நீங்கள் இழப்பது கால் மணித்தியாலம் கூட இல்லை. இப்போது வருகிற பிரகாசமான எல்இடிகள் 1 மில்லியாம்பியருக்குக் குறைவாகவே இருட்டில் அழகாகத் தெரிகின்றன. ஆகவே வயர்லெஸ் கன்ட்ரோலர் என்றால் 1000 ஓமில் தொடங்குங்கள், போதவில்லை என்றால் மட்டும் குறையுங்கள். அதிக வெளிச்சம் விளையாடும்போது கண்ணைத்தான் உறுத்தும்.

இதில் மிக முக்கியமான விஷயம், கரண்டை எந்த இடத்தில் எடுக்கிறோம் என்பது. பற்றரியின் பொசிட்டிவில் நேரே கோர்த்துவிட்டால் கன்ட்ரோலரை நிறுத்தினாலும் லைட் எரிந்துகொண்டே இருக்கும். சில நாள் மேசையில் கிடந்தால் பற்றரி அடிவரை இறங்கிவிடும், லித்தியம் பற்றரிக்கு அடிக்கடி அப்படி இறங்குவது ஆயுள் குறைகிற வேலை. அதனால் ஒன்று சின்ன சுவிட்ச் வைக்க வேண்டும், அல்லது கன்ட்ரோலர் ஓனில் இருக்கும்போது மட்டும் வோல்ட் வருகிற ஒரு புள்ளியை உள்ளே இருக்கிற மின்சுற்றுப் பலகையில் தேடிப்பிடிக்க வேண்டும். மல்டிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரி நெகட்டிவில் வைத்து, ஓன் பண்ணியும் ஓஃப் பண்ணியும் பார்த்தால் அப்படிப்பட்ட புள்ளிகள் அகப்படும். அந்தப் புள்ளிகளில் கிடைப்பது பெரும்பாலும் 3 வோல்ட் அளவுதான், நீலத்துக்கு அது விளிம்பு. சுவிட்ச் வைப்பதே எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் வேண்டாத நேரத்தில் நாமே அணைத்துக்கொள்ளலாம், பலகையின் மின்சாரத்தையும் குழப்புவதில்லை.

பற்றரி மேலேயே நேரடியாக ஈயம் வைக்கப் போகாதீர்கள். பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் சொக்கட் பலகையில் வந்து சேர்கிற காலில் வயரை ஒட்டுங்கள். பற்றரியின் வயர் இரண்டையும் ஒரே நேரத்தில் கத்தரியால் வெட்டுவது, ஸ்குரூ ட்ரைவரால் நெம்பிக் கழற்றுவது, இந்த இரண்டும் வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இரண்டு பென்டோர்ச் பற்றரியில் ஓடுவது. புதுப் பற்றரி இரண்டும் சேர்ந்து 3 வோல்ட், சார்ஜ் பண்ணுகிற வகை என்றால் 2.4 தான். நீலமும் வெள்ளையும் பளிச்சென்ற பச்சையும் 3 வோல்ட் கேட்கிறவை என்பதால் பற்றரியில் நேரே எடுத்தால் அவை எரியவே மாட்டா, எரிந்தாலும் மினுமினுப்பாகத்தான். "மச்சான், சிவப்பு நல்லா எரியுது, நீலம் ஏன் எரியுதில்ல?" என்று கேட்டு எடுத்த அழைப்புகள் எனக்கு வந்திருக்கின்றன, எல்லாவற்றுக்கும் பதில் இந்த ஒன்றுதான். எக்ஸ்பாக்ஸுக்குச் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று போனால் வேலை சுத்தமாக முடியும். இதைத் திறக்கச் சாதாரண ஸ்டார் ஸ்குரூ ட்ரைவர் உதவாது, நடுவில் ஓட்டை உள்ள டி8 பிட் வேண்டும், பற்றரிப் பெட்டிக்குள் ஸ்டிக்கருக்குக் கீழே மறைந்திருக்கிற ஒரு ஸ்குரூவையும் மறக்கக் கூடாது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் பின்பக்கம் நான்கு ஸ்குரூவோடு திறந்துவிடும், ஆனால் மெதுவாகத் திறவுங்கள், உள்ளே மெல்லிய ரிப்பன் வயர் ஒன்று இரண்டு பாதியையும் இணைக்கிறது.

இப்போது இணையத்தில் கிடைக்கிற கிட். மெல்லிய நாடா போன்ற பலகையில் எல்இடி எல்லாம் ஏற்கெனவே பதித்து, ஒளி ஊடுருவும் பட்டன், திசைப் பட்டன், ஸ்டிக் மூடி எல்லாம் சேர்த்து வருவது. பார்வைக்கு இதை வெல்ல வேறு வழி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே சரியான இடத்தில் வெளிச்சம், நிறம் மாற்ற ஒரு தொடுகை, வயர் தொங்கல் கிடையாது. கையால் சோல்டர் பண்ணி இந்த அளவு ஒழுங்கைக் கொண்டுவர நல்ல அனுபவம் வேண்டும்.

ஆனால் கிட் வாங்கும்போது ஒரு பெரிய பொறி இருக்கிறது. கன்ட்ரோலர் வெளியில் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பலகை ஒன்றல்ல. டூயல்ஷாக் 4 இல் ஜேடிஎம்-001, 011, 030, 040, 050, 055 என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது, டூயல்சென்ஸில் பிடிஎம்-010 இலிருந்து மேலே போகிறது. ஒரு கிட் ஒன்றிரண்டு வகைப் பலகைக்குத்தான் பொருந்தும், மற்றதில் நாடா சரியாக உட்காராது. ஆகவே ஓடர் போட முன் கன்ட்ரோலரைத் திறந்து பலகையில் அச்சடித்திருக்கிற எண்ணைப் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். சந்தையில் அசல் போலவே இருக்கிற கொப்பி கன்ட்ரோலர்களும் நிறைய, அவற்றின் உள்ளே பெரும்பாலும் இந்த எண் இருக்காது, கிட்டும் பொருந்தாது. சீனாவிலிருந்து வருகிற பொதி கொழும்பைத் தாண்டி நம் கைக்கு வரக் காலம் எடுக்கும், அது வந்து பொருந்தாமல் போனால் திருப்பி அனுப்புவது என்பது நம் ஊரில் இருந்து நடக்கிற காரியம் இல்லை.

சில கிட்டுகளுக்கு சோல்டர் வேண்டாம், சிலவற்றுக்கு இரண்டு மூன்று நுண்ணிய இடத்தில் வேண்டும். சோல்டர் வேண்டும் என்றால் நீங்களே செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. மட்டக்களப்பு நகரத்திலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் போன் திருத்துகிற கடைகள் எவ்வளவு இருக்கின்றன! போன் பலகையில் மணல் அளவு சாமானைக் கழற்றி மாட்டுகிற கைகள் அவை. நல்ல ஒருவரிடம் கிட்டையும், கிட்டோடு வந்த படத்தையும் கொண்டுபோய் "அண்ணன், இந்த மூன்று இடத்துல மட்டும் ஒட்டித் தாங்க" என்று கேட்டால் அவருக்கு அது சின்ன வேலை. கன்ட்ரோலரைத் திறப்பது, பட்டன் மாற்றுவது, மூடுவது எல்லாம் நீங்கள் செய்யலாம், ஈயம் மட்டும் அவர் கை. இந்தக் கலப்பு வழியைத்தான், சோல்டரிங் அயனே பிடித்திராத ஆனால் கிட் ஆசை உள்ளவர்களுக்கு நான் விரும்பிச் சொல்வேன்.

எல்இடி ஸ்ட்ரிப்பை வெட்டி உள்ளே ஒட்டலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சுருக்கமாக: வேண்டாம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற ஸ்ட்ரிப் 12 வோல்ட், மூன்று மூன்று எல்இடியாகத் தொடர்ந்து கோர்த்தது, 5 வோல்ட்டில் கூட எரியாது. தனித்தனியே நிறம் மாறுகிற டபிள்யூஎஸ்2812பி வகை 5 வோல்ட் கேட்கும், முழு வெள்ளையில் ஒன்றே 60 மில்லியாம்பியர் வரை இழுக்கும், அணைந்திருக்கும்போதும் ஒவ்வொன்றும் 1 மில்லியாம்பியர் அளவில் தின்றுகொண்டே இருக்கும், அதை ஓட்ட மைக்ரோகன்ட்ரோலர் என்ற ஒரு சின்னக் கணினிச் சிப்பும் வேண்டும். பற்றரிக் கன்ட்ரோலருக்கு இது பொருந்தாத பாரம். அதற்கு அருமையான இடம் ஒன்று இருக்கிறது, வீட்டிலேயே மரப்பெட்டியில் செய்கிற ஆர்கேட் ஸ்டிக், அதாவது பெரிய ஸ்டிக்கும் பட்டன்களும் உள்ள கன்ட்ரோலர் பெட்டி. ராஸ்பெரி பை பிக்கோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையில் ஜிபி2040-சிஇ என்ற திறந்த மென்பொருளைப் போட்டால், கன்ட்ரோலர் வேலையையும் இந்த எல்இடிகளையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சண்டைக் கேம் விளையாடுகிறவர்கள் இருக்கிற கன்ட்ரோலரைக் குடைவதை விட்டு இதை யோசிக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்றை இன்னும் சொல்லவில்லை: அதிர்வு மோட்டரோடு எல்இடியைக் கோர்ப்பது. கைப்பிடி இரண்டிலும் இருக்கிற மோட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு சிவப்பு எல்இடியும் 220 ஓம் ரெசிஸ்டரும் (டூயல்சென்ஸில் இருப்பது இப்படிச் சுழலும் சாதாரண மோட்டர் அல்ல, அதற்கு இந்த வழி வேண்டாம்). கேமில் வெடி வெடித்தால், கார் மோதினால், கன்ட்ரோலர் அதிரும்போது லைட்டும் சேர்ந்து அடிக்கும். மெல்லிய அதிர்வுக்கு மோட்டருக்குக் கரண்ட் துண்டு துண்டாகப் போவதால் லைட் மங்கலாகவும், பலத்த அதிர்வுக்குப் பிரகாசமாகவும் வரும், அதாவது கேமின் வேகத்தை ஒளி அப்படியே காட்டுகிறது. அதிர்வு இல்லாத நேரம் ஒரு துளி பற்றரி போகாது, சுவிட்ச் வேண்டாம், பலகையில் புள்ளி தேட வேண்டாம். மோட்டரின் காலில் ஈயம் வைக்க இடமும் தாராளமாக இருக்கிறது, ஆகவே புதுக் கைக்கும் ஏற்றது. எந்தக் கால் பொசிட்டிவ் என்று அதிரும்போது மீற்றரில் பார்த்துக்கொள்ள வேண்டும், மாறிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான். சிவப்பைச் சொல்வதற்குக் காரணம் குறைந்த வோல்ட்டிலும் அது எழும்பும் என்பது. நாள் முழுவதும் எரிகிற லைட்டை விட, நடக்கிற விஷயத்துக்குப் பதில் சொல்கிற லைட் எத்தனையோ மடங்கு மேல் என்று நான் நம்புகிறேன், செலவைப் பார்த்தாலும் இதுதான் எல்லாவற்றிலும் குறைவு.

கையால் செய்கிற எந்த வழிக்கும் பொதுவான சில விஷயங்கள். அசல் கறுப்புப் பட்டன் ஒளியை விடாது, ஒன்று தெளிவான பட்டன் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் தெளிவான உறை. பெரிய 3 மில்லிமீற்றர் எல்இடி கைப்பிடிக்குள் இடம் பிடிக்கும், பட்டன் பக்கம் அரிசி அளவு சின்னதுதான் போகும். இணைக்க, மோட்டர் சுற்றுகிற கடையில் கிடைக்கிற எனாமல் பூசிய மெல்லிய செம்புக் கம்பி அருமையாக உதவும், முனையை மட்டும் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். ஈயம் 190 பாகைக்குள் உருகுகிற வகை என்றால் அயனை 320 அளவில் வைத்து, ஒரு இடத்தில் இரண்டு செக்கனுக்கு மேல் நிற்காமல் எடுங்கள். உறையின் பிளாஸ்டிக் 100 பாகை தாண்டினாலே இளகத் தொடங்கும், அயனின் பக்கவாட்டு பட்டுவிடாமல் பாருங்கள். எல்இடி ஒரு புள்ளியாகக் குத்துகிறது என்றால் அதன் தலையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் ஒளி பரவும்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று. கல்லடி, பாலமீன்மடு, திருக்கோவில் என்று கடலை ஒட்டி வீடு இருக்கிறவர்களுக்கு உப்புக் காற்றின் வேலை தெரியும், ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று கன்ட்ரோலரின் புது ஈயத்தையும் விட்டுவைக்காது. மார்கழி மழைக் காலத்து ஈரமும் கை வியர்வையும் சேர்ந்தால் ஒட்டிய இடம் பச்சை பிடித்து, கொஞ்ச நாளில் லைட் விட்டு விட்டு எரியத் தொடங்கும். ஒட்டி முடித்ததும் மிஞ்சிய பிளக்ஸை (ஈயம் பிடிக்க உதவுகிற பசை) ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பிரஷால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஈயம் வைத்த இடத்தில் மட்டும் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு பூச்சு பூசுங்கள். ரப்பர் பட்டன் அழுத்துகிற கறுப்புத் தடங்களில் அது படவே கூடாது, பட்டால் பட்டன் வேலை செய்யாது.

மூடுவதற்கு முன் பற்றரியைப் போட்டு, எல்லாப் பட்டனையும் இரண்டு ஸ்டிக்கையும் ஒருமுறை அழுத்திச் சுழற்றிப் பாருங்கள், கம்பி ஏதும் ஸ்டிக்குக்குக் கீழே போய் மாட்டாமல். கால் மணித்தியாலம் விளையாடிவிட்டு உறையைத் தொட்டுப் பாருங்கள். எல்இடி இருக்கிற பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் ரெசிஸ்டர் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் பெரியதாகப் போட்டுவிட்டுத்தான் ஸ்குரூ இறுக்க வேண்டும்.